‘ரெண்டு வாரம்தான்’ என வந்த நண்பர் கிளம்பலையா? சட்டம் சொல்வது என்ன?

உங்கள் வாடகை வீட்டில் தங்க வந்தவர் மாதக்கணக்கில் இருந்தாலும் அவருக்கு உரிமை வந்துவிடாது. இலவசமாகத் தங்கவைக்கப்பட்டவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் உரிமை கோர முடியாது என, கோவாவில் உடன்பிறந்தவர்களுக்கு இடையிலான வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1882 ஈஸ்மென்ட் சட்டப்படி அவருக்கு இருப்பது வெறும் அனுமதி. அதை நீங்க ரத்து செய்யலாம். ஆனா, காலி செய்ய நியாயமான அவகாசம் தரணும். தேதி போட்டு வாட்ஸ்அப்பில் எழுதிடுங்க.

சிக்கல் பணத்தில்தான். மாசம் 5,000 ரூபாயை ‘ரென்ட்’னு குறிப்பிட்டு ஜிபே-யில் வாங்குறீங்களா? ‘நான் உள்வாடகைதாரர்’ என அவர் வாதிட அதுவே ஆதாரமாகலாம். ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் வெளியேற்றத்துக்கான காரணம். வெளியேற்றப்படுவது அவர் மட்டுமல்ல, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நீங்களும்தான்.