கும்பிட வேணாம், கூலி குடுங்க!

ஓணம் நெருங்கினா போதும், இங்கே நியூஜெர்சியில எங்க வாட்ஸ்அப் குழுவில கசவு சேலைப் படமா வந்து குவியும். 'பாட்டி உடுத்தினது, கைநெசவு, நம்ம பாரம்பரியம்'னு ஒரு வரி. விலை? ஒரு பீட்ஸா காசு!

மக்களே, கணக்குப் போடத் தெரியாதா நமக்கு?

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் துணி குத்தாம்புள்ளியிலதான். பாலக்காட்டு எல்லையை ஒட்டி, காயத்ரிப்புழை பாரதப்புழையில சேர்ற இடம். கொச்சி ராஜா மைசூர்ப் பக்கத்திலிருந்து கூட்டிவந்ததா சொல்ற தேவாங்கர் குடும்பங்கள். வீட்டுக்குள்ளேயே தறி. பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, காயவெச்சு, அப்புறம்தான் தறியில ஏத்தணும். சாதாரணக் கரை போட்ட சேலையை நெய்யவே ரெண்டு மூணு நாள் ஆகும். நூல் சுத்தற வீட்டுப் பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும் தனிக் கூலி கிடையாது.

அந்தச் சேலைக்கு 2011-லேயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. 1985-லேயே சட்டம் போட்டு 22 வகைத் துணியைக் கைத்தறிக்கு ஒதுக்கினாங்க. 1996-ல அது 11 ஆச்சு. சில வகைச் சேலையும் வேட்டியும் இன்னும் அந்தப் பட்டியல்ல இருக்கு. ஆனா விசைத்தறித் துணி 'கைத்தறி'ன்னு பேர் போட்டு தாராளமா வருது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்புப்படி, நாடு முழுக்க மூணுல ரெண்டு நெசவாளர் குடும்பத்துக்கு மாச வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. இதுதான் நம்ம பாரம்பரியத்தோட சம்பளம்!

'எல்லாராலும் கைத்தறி வாங்க முடியுமா?'ன்னு கேப்பீங்க. முடியாதுதான். விசைத்தறி வாங்கறது பாவமில்லை, அங்கேயும் ஏழைத் தொழிலாளிதான் நிக்கறான். அதை விசைத்தறின்னே சொல்லி வித்துட்டுப் போங்களேன். பொய் எதுக்கு?

இன்னொரு கூட்டம், கிராமத்து நினைவுன்னு நெசவுத் துணியைச் சட்டம் போட்டு சுவத்துல மாட்டுது. அழகாத்தான் இருக்கு. கீழே கலைஞர் பேர் இருக்கு, நெய்தவர் பேர் எங்கேங்க? அவருக்குக் குடுத்த கூலி எவ்வளவு?

மால்ல போட்ட விலைக்கு வாங்கறவங்க, நெசவாளிகிட்ட மட்டும் ஏன் பேரம் பேசறோம்? 'கலை'ன்னு கும்பிட்டுட்டா கூலி குடுக்க வேணாம்னு நெனப்பா?

செய்ய வேண்டியது சின்ன விஷயம். 2006-லிருந்து கைத்தறி முத்திரை இருக்கு, அதைக் கேளுங்க. கூட்டுறவுச் சங்கத்துல ரசீதோட வாங்குங்க. முக்கியமா, ஓணம் முடிஞ்சு வியாபாரம் படுத்திருக்கற மாசத்துல ஆர்டர் குடுங்க. வயிறு பன்னெண்டு மாசமும் பசிக்கும்.

இந்த வருஷமும் பீட்ஸா விலைச் சேலைப் படம் வந்தா, 'எந்தத் தறி?'ன்னு குழுவிலேயே கேக்கப் போறேன். திட்டறவங்க திட்டிக்கோங்க :-)