வாயிலில்லா மாளிகைகள்

நூலுக்குப் பொருளடக்கம் அமைத்தல் மேனாட்டார் நமக்குக் கற்றுத் தந்த வழக்கம் என்று எண்ணுவோர் உளர். அவர்கள் சிலப்பதிகாரப் பதிகத்தை ஒருமுறை விரித்துப் பார்ப்பாராக. முப்பது காதைகளின் பெயர்களையும் அப்பதிகம் வரிசைப்பட மொழிகின்றது. மணிமேகலைப் பதிகமும் தன் முப்பது காதைகளை அவ்வாறே அறிவிக்கின்றது. ஓலைச்சுவடிக் காலத்திலேயே, கற்பவன் வழி தவறலாகாது என்று கருதிய மரபு நம்முடையது. 1894-இல் புறநானூற்றை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரும் பாடினோர், பாடப்பட்டோர் வரலாறுகளை உடன் சேர்த்துக் கற்பவர்க்கு வழி சமைத்தார்.

அம்மரபில் வந்த நாம் இன்று வெளியிடும் மின்னூல்களின் நிலை யாது? 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தொண்டர்தம் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை உலகத் தமிழர் கைக்கு விலையின்றித் தந்தது. அப்பெரும்பணியைக் கண்ட பின்னும், மலர்களையும் கட்டுரைத் தொகுதிகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, ஒரே கோப்பாகக் கட்டி, ‘மின்னூல் வெளியிட்டோம்’ என்று முழங்குவோர் பலர். இருநூறு பக்கங்களுள் ஒரு கட்டுரையைக் காண விரல் தேயத் தள்ள வேண்டியுள்ளது! வேறு சிலர் அச்சு நூலின் பொருளடக்கத்தைப் பக்க எண்ணோடு அப்படியே பெயர்த்து வைக்கின்றனர். மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் பெருகும், சிறிதாக்கினால் சுருங்கும். ஆங்கே ‘பக்கம் 40’ என்பது ஊரில்லா முகவரி.

‘சொல்லைக் கொடுத்துத் தேடினால் கிடைக்குமே, பொருளடக்கம் எதற்கு?’ என்பார்க்கு விடை கூறுவோம். படமாக நிற்கும் பக்கத்தை எழுத்தாக மாற்றினாலன்றி அங்கே தேடல் செல்லாது. எழுத்தாகவே இருப்பினும், தமிழ்ச்சொல் வேற்றுமை ஏற்கையில் உருத்திரியும்; ‘மரம்’ என்று தேடுவோன் ‘மரத்தை’க் காணான். இவற்றினும் பெரிது ஒன்றுண்டு: நூலில் என்ன உளது என்றே அறியாதவன் எச்சொல்லைக் கொடுத்துத் தேடுவான்?

அங்ஙனம் அறியாதவர் வேறு யாருமல்லர், நம் பிள்ளைகளே. ‘சன்அத்’ என்னும் உருதுச் சொல்லுக்குத் தொழில் என்று பொருள். தொழில் நாடிச் சனத்நகர் போன்ற இடங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் மக்கள் பலர், பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும் கற்று, தமிழை வீட்டில் செவிவழிப் பெற்று, எழுத்துக் கூட்டிப் படிக்கின்றனர். அத்தகைய குழந்தையிடம் 1330 குறளையும் ஒரே நெடுஞ்சுருளாக நீட்டினால், அது கைப்பேசியை மூடிவிட்டு விளையாடப் போகும். முப்பாலும் 133 அதிகாரமும் தொட்டவுடன் திறக்கும் வாயில்களாக நின்றால், ‘நட்பு’ என்னும் தலைப்பைக் கண்டு தானே உள் நுழையும். பார்வையற்றோர்க்கும் இவ்வாயில்களே துணை. திரைபடிக்கும் மென்பொருள் தலைப்புக்குத் தலைப்பு தாவ, தலைப்புகள் முறையாகக் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுமோ? வேண்டா. கேலிபர், சிகில் முதலிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. தட்டச்சிடுவோர் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கியதோடு அமையாது, அதற்குரிய ‘தலைப்பு’ ஸ்டைலை இட்டால் போதும். அம்மென்பொருள்கள் தலைப்புகளைத் திரட்டி, தொட்டால் திறக்கும் பொருளடக்கமாக அமைத்துத் தரும். இபப் 3 என்னும் மின்னூல் தரமுறை, இத்தகைய வழிகாட்டும் பொருளடக்கத்தைக் கட்டாயமாகவே விதித்துள்ளது. உலகம் விதியாக்கியதை நாம் வீண்வேலை என்று ஒதுக்குவது எவ்வகையில் நியாயம்?

வெளியூர்த் தமிழ்ச் சங்கங்கள் மலர் வெளியிடுவது தமிழ் அடுத்த தலைமுறைக்குச் செல்ல வேண்டும் என்பதற்காக. விளம்பரம் திரட்ட மாதக்கணக்கில் அலையும் நாம், பொருளடக்கம் அமைக்கச் சில மணி நேரம் ஒதுக்க இயலாது என்பது ஏற்கத்தக்க வாதமன்று. இனி வரும் மலர் எதுவாயினும், பொருளடக்கமின்றி மின்வடிவம் வெளியிடுவதில்லை என்று ஒவ்வொரு மலர்க்குழுவும் உறுதி பூணட்டும். மாளிகை கட்டிவிட்டு வாயில் வைக்க மறந்தோர், குழந்தைகள் உள்ளே வரவில்லை என்று வருந்துவதிற் பயனில்லை.