தலைமுடியின் சாட்சியம்

போதைப்பொருள் உட்கொண்டவரைச் சிறுநீர்ச் சோதனை பெரும்பாலும் சில நாள்கள் வரையே காட்டிக்கொடுக்கும். தலைமுடியோ பல மாதங்கள் கழித்தும் காட்டிக்கொடுக்கும். ரத்தத்தில் கலந்த போதைப்பொருள், மயிர்க்கால் வழியாக வளரும் முடிக்குள் படிந்துவிடுகிறது. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால், வேரையொட்டிய 3 செ.மீ. முடி ஏறத்தாழ மூன்று மாத வரலாற்றைச் சொல்லும்.

2020-ஆம் ஆண்டு கன்னடத் திரையுலகை உலுக்கிய பெங்களூர் போதைப்பொருள் வழக்கில் இச்சோதனை பரவலாகப் பேசப்பட்டது. அந்த ஆண்டில் எடுக்கப்பட்ட முடி மாதிரிகள் ஹைதராபாதில் உள்ள மத்திய தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அறிக்கை வெளிவந்ததோ 2021 ஆகஸ்டில்!

கைதானவரின் முடி மாதிரியை எடுக்கச் சட்டத்தில் தடையில்லை. 2005-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தத்திலேயே, மருத்துவப் பரிசோதனை என்பதில் முடி மாதிரியையும் நாடாளுமன்றம் சேர்த்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. ஆனால், எத்தனை செ.மீ. முடி, எந்த அளவுக்கு மேல் இருந்தால் உட்கொண்டதாகக் கொள்வது என்பதை இச்சட்டங்கள் கூறவில்லை.

இது சிறிய குறையல்ல. கருமையான முடியில் சில போதைப்பொருள்கள் கூடுதலாகப் படியும். சாயமும் வெளுப்பானும் அவற்றின் அளவைக் குறைத்துவிடும். அருகில் இருப்பவர் விட்ட புகைகூட முடியில் ஒட்டக்கூடும். எனவே, முடியை முறையாகக் கழுவி, உடலுக்குள் மட்டுமே உருவாகும் சிதைவுப் பொருள்களையும் தேட வேண்டும். அப்போதும் எந்த நாளில், எந்த இடத்தில் உட்கொண்டார் என்பதை முடி சொல்லாது. குற்றச்சாட்டோ பெரும்பாலும் அந்த நாளையும் இடத்தையும் பற்றியது.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, ஹெராயின், கோகைன் போன்றவற்றை உட்கொண்டால் ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது ரூ.20 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைகளுக்கு விலக்கும் அளிக்கிறது.

முடிச் சோதனை உண்மையில் உதவக்கூடியது இங்கேதான். சிகிச்சைக்கு வந்தவர் பழக்கத்தைக் கைவிட்டாரா என்பதை மாதக்கணக்கில் கண்காணிக்க இதைவிட வசதியான வழி குறைவு. தண்டனைக்கு முடியை மட்டுமே ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்பதையும், சோதனைக்கான நெறிமுறைகளையும் மத்திய அரசு விதிகளாகவே வகுக்க வேண்டும். மாதிரி எடுக்க அதிகாரம் தந்த நாடாளுமன்றத்துக்கு, அதற்கு வரம்பு கட்டும் கடமையும் உண்டு.