ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்பப் பாடம் திட்டமிடப் பணி நேரத்திலேயே நேரம் ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர் சங்கம், வட்டாரக் கிளை.

பெறுநர்: மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்கள். உரிய வழியாக.

பொருள்: மாணவர்வாரிப் பாடத் திட்டமிடலுக்கு வாராந்திர நேரம் ஒதுக்குதல் மற்றும் பிற கோரிக்கைகள் – தொடர்பாக.

பார்வை: 1. குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவுகள் 24, 27 மற்றும் அதன் அட்டவணை. 2. இதே பொருளில் இச்சங்கம் முன்னர் அளித்த மனுக்கள் (பதில் பெறப்படவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

இவ்வட்டாரத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் சார்பில் இம்மனு அளிக்கப்படுகிறது.

பார்வை 2இல் கண்ட மனுக்கள் தங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும் என்று நம்புகிறோம். இல்லாதிருக்கவும் கூடும் என்பதால் அவற்றின் சாரத்தை மீண்டும் எழுதுகிறோம். முதல் மனுவில், குழந்தையின் கற்றல் நிலையை அறிந்து பாடம் திட்டமிடும் கடமையைச் சட்டம் ஆசிரியருக்கு விதித்திருப்பதையும், அதைச் செய்யப் பணி நேரத்தில் இடமே விடப்படவில்லை என்பதையும் சுட்டினோம். நினைவூட்டு மனுவில் ஈராசிரியர் பள்ளி ஒன்றின் ஒரு வாரக் கால அட்டவணையை இணைத்து, திட்டமிடலுக்கு எந்தப் பாடவேளை என்று தாங்களே குறித்துத் தருமாறு கேட்டோம். ஒப்புகைச் சீட்டு வந்தது. அடுத்த மனுவுக்கு அதுவும் வரவில்லை. பிறகு ஒரு குறைதீர் கூட்டத்தில் வாய்மொழியாக ஒரு கேள்வி கேட்கப்பட்டது: "ஆசிரியர் கையேடுதான் அச்சடித்தே வந்துவிடுகிறதே, அப்புறம் எதற்குத் தனியாக நேரம்?" இத்தனை மனுக்களுக்கும் கிடைத்த ஒரே மறுமொழி அந்தக் கேள்வி என்பதால், இம்மனுவை அதற்கான விடையாகவே எழுதுகிறோம்.

கோரிக்கை 1: வாரம் ஐந்து மணி நேரம், பணி நேரத்துக்குள், மாணவர்வாரித் திட்டமிடலுக்கு மட்டும்

சட்டப் பிரிவு 24(1) ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. நேரத்துக்கு வருவதும், குறித்த காலத்தில் பாடத்தை முடிப்பதும் அதில் உண்டு. அவற்றை நினைவூட்டும் சுற்றறிக்கைகளுக்குக் குறைவில்லை. அதே வரிசையில் நான்காவதாக, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, அதற்கேற்பத் தேவையான கூடுதல் கற்பித்தலை வழங்க வேண்டும் என்றும் இருக்கிறது. வகுப்பின் சராசரி என்ற சொல் அங்கே இல்லை. ஒவ்வொரு குழந்தை என்றுதான் இருக்கிறது. இந்தக் கடமைகளில் தவறும் ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று உட்பிரிவு (2) சொல்கிறது. செய்யாவிட்டால் தண்டனைக்குரியது என்று சட்டமே கருதும் ஒரு வேலைக்குப் பள்ளியின் கால அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை.

சட்டம் இந்த நேரத்தை மறந்துவிடவில்லை. அதன் அட்டவணையின் நான்காம் இனத்தைத் தாங்கள் பார்வையிட வேண்டுகிறோம். ஆசிரியரின் குறைந்தபட்ச வாரப் பணி நேரம் 45 மணி. அதிலேயே ஆயத்த நேரமும் அடங்கும் என்று அங்கே எழுதியிருக்கிறது. அதற்கு முந்தைய இனம் 1 முதல் 5 வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி என்று வகுக்கிறது. நாளுக்கு நான்கு மணி, வாரத்துக்கு இருபது. 6 முதல் 8 வகுப்புகளுக்கு 220 நாட்கள், 1000 மணி. வாரத்துக்கு ஏறத்தாழ இருபத்து மூன்று. இவை குறைந்தபட்ச அளவுகள், நாங்கள் இதற்கு மேலும் கற்பிக்கிறோம், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. இருபதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையே சட்டம் விட்டு வைத்த இருபத்தைந்து மணியில் ஐந்தை மட்டுமே கேட்கிறோம்.

"அப்படியானால் மாலை ஆறு மணி வரை பள்ளியில் இருங்கள்" என்று அதே கூட்டத்தில் சொல்லப்பட்டது. இருக்கிறோம், எமிஸ் என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் பதிவேற்றம் முடியாத நாட்களில் ஆறு தாண்டியும் இருந்திருக்கிறோம். அந்த நேரம் எதற்குப் போகிறது என்பதில்தான் எங்கள் வழக்கு. வருகைப் பதிவு, விலையில்லாப் பொருட்கள் பெற்ற விவரம், வங்கிக் கணக்கு விவரம், காலை உணவு எண்ணிக்கை, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டப் புகைப்படம் என்று போகிறது. பிரிவு 27 ஆசிரியரைக் கல்விசாராப் பணிக்கு அனுப்பக் கூடாது என்று தடுத்து, மூன்று விலக்குகளை மட்டும் தருகிறது: பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். அவற்றை நாங்கள் செய்கிறோம், இனியும் செய்வோம். நான்காவது விலக்கு ஒன்று சட்டத்தில் இருந்தால் அதன் எண்ணைத் தெரிவிக்கவும்.

இனி, கையேடு இருக்கும்போது திட்டமிடல் எதற்கு என்ற கேள்வி. மூன்றாம் வகுப்பில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்கிறோம். ஒரு குழந்தை 35 என்று எழுதுகிறது. ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது என்றால் என்னவென்றே அதற்குப் புரியவில்லை. இன்னொன்று 26 என்கிறது. கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது, 12இலிருந்து 7ஐ விரல்விட்டு எண்ணும்போது ஒன்று பிசகியிருக்கிறது. மூன்றாவது 79 என்கிறது. கழித்தல் குறியைக் கூட்டல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. குறியைக் கவனிக்கவில்லையா, அது கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லையா என்று கேட்டறிய வேண்டும். மதிப்பீட்டைப் பதியும் கைபேசிச் செயலியில் மூன்றும் ஒரே குறியாகத்தான் பதிவாகின்றன: தவறு. மூவரும் ஒரே நிலையில் வைக்கப்பட்டு, மூவருக்கும் ஒரே பயிற்சித்தாள் வருகிறது. முதல் குழந்தைக்குப் பத்துக்குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்ட வேண்டும். இரண்டாவதற்கு இருபதுக்குள் மனக்கணக்கு போதும். மூன்றாவதைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியிருக்கலாம். இதைப் பிரித்தறிய நோட்டுகளை உட்கார்ந்து பார்க்க வேண்டும், குழந்தையைக் கூப்பிட்டு "எப்படிப் போட்டாய், சொல்" என்று கேட்க வேண்டும், மறுநாளுக்கு மூன்று விதமாக ஆயத்தம் செய்ய வேண்டும்.

தமிழ்ப் பாடத்திலும் இதே கதைதான். "கொடி" என்பதைக் "கெடி" என்று எழுதும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு ஒலியிலேயே வேறுபாடு தெரியவில்லை. மற்றவர் வாயால் சரியாகச் சொல்லிவிட்டு எழுதும்போது காலை விட்டுவிடுகிறார். முன்னவருக்கு வாய்மொழிப் பயிற்சி, பின்னவருக்கு எழுத்துப் பயிற்சி. மாற்றிக் கொடுத்தால் இருவருக்கும் அந்த வாரம் வீண். தை பிறந்ததும் பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய், மூன்றாம் பருவத்தையே இழந்துவிட்டு ஜூனில் அடுத்த வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைக்கும், வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசிவிட்டு வரும் பிள்ளைக்கும் கையேட்டின் முதல் பக்கம் எங்கே பொருந்தும் என்று கையேடு எழுதியவர்களே சொல்ல முடியாது. அவர்கள் இந்தப் பிள்ளைகளைப் பார்த்ததில்லை. அது அவர்கள் குற்றமன்று. பார்ப்பது எங்கள் வேலை.

இந்தக் கொள்கையைத் துறை மறுக்கவும் முடியாது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுக்க விரிந்த செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு குழந்தையும் ஏணிப்படியில் தன் வேகத்தில் ஏறலாம் என்று ஏற்றுக்கொண்டதும், அட்டைகளையும் தாழ்மட்டக் கரும்பலகைகளையும் தந்ததும் இதே துறைதான். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததும் இதே துறைதான். இருமுறையும் பொருட்கள் வந்தன, பயிற்சி வந்தது, பார்வையிட அதிகாரிகளும் வந்தார்கள். நேரம் மட்டும் வரவில்லை. பார்வையிட வருபவர்கள் இன்றைக்கும் முதலில் கேட்பது, எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதையே. மூன்று நிலையில் பிள்ளைகள் இருக்கும் வகுப்பு ஒரே பக்கத்தில் இருக்குமானால், அங்கே நிலைகள் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கின்றன என்று பொருள்.

நடைமுறைச் சிக்கலை நாங்கள் அறியாமல் இல்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதே சட்டத்தின் அளவு. ஐந்து வகுப்பையும் இருவர் பார்க்கும் பள்ளியில் ஒருவர் திட்டமிட உட்கார்ந்தால் வகுப்பை யார் பார்ப்பது? ஆகவே நேரத்தை இப்படிப் பிரித்துத் தரலாம். நாள்தோறும் மாலை, பிள்ளைகள் போன பிறகு நாற்பத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் இணையவழிக் கூட்டமோ, "உடனே அனுப்பவும்" என்ற புலனச் செய்தியோ, பதிவேற்றமோ கூடாது. எஞ்சிய ஒன்றேகால் மணி, வாரம் ஒரு பிற்பகல். அன்று வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் சுழற்சி முறையில் வந்து வகுப்பை ஏற்க வேண்டும். பயிற்றுநர்கள் இப்போதும் பள்ளிக்கு வருகிறார்கள். பின் இருக்கையில் உட்கார்ந்து படிவம் நிரப்புவதற்குப் பதிலாகப் பாடம் நடத்தட்டும். எங்கள் பிள்ளைகளை அவர்களும் நேரில் அறிந்துகொள்வார்கள். குறுவள மையப் பயிற்சி நாட்களில் பருவத்துக்கு ஒன்றையேனும் கருத்தாளர் உரை இல்லாத, பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்து வந்து சேர்ந்து திட்டமிடும் நாளாக அறிவிக்க வேண்டும்.

இந்த நேரத்தில் செய்த வேலைக்குக் கணக்குக் கேட்டால் தருவோம். ஒரு குழந்தைக்கு ஒரு பக்கம், அதில் என்ன தெரியும், எங்கே தடுக்கிறது, அடுத்த வாரம் என்ன செய்யப் போகிறோம் என்ற மூன்று வரி போதும். அதையும் பதிவேற்றச் சொல்லாதிருக்க வேண்டுகிறோம்.

கோரிக்கை 2: சிறப்பாசிரியர் நியமனம். உச்ச நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, மாற்றுத்திறன் மாணவர்களுக்குத் தொடக்க நிலையில் பத்துப் பேருக்கு ஒருவர், உயர் தொடக்க நிலையில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று 2022இல் வகுக்கப்பட்ட விகிதத்தை இவ்வட்டாரத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும். கற்றல் குறைபாடு என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இல் இடம்பெற்றது என்பதையும், அதை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்த்து முடித்துவிடக் கூடாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

கோரிக்கை 3: மதிப்பீட்டு முடிவுகளை நிலை மட்டும் குறித்துத் தராமல், வினாவாரி விடையுடன் வகுப்பாசிரியருக்குத் தர வேண்டும்.

கோரிக்கை 4: பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவின் கண், செவிப் பரிசோதனை முடிவுகளின் நகல் வகுப்பாசிரியருக்கு வழங்கப்பட வேண்டும்.

கோரிக்கை 5: பயிற்சி நூல்கள் பருவத்தின் முதல் நாளன்றே பள்ளியில் இருக்க வேண்டும்.

கோரிக்கை 6: நிலைவாரிப் பயிற்சித்தாள் நகலெடுக்கும் செலவைப் பள்ளி மானியத்தில் அனுமதிக்க வேண்டும்.

கோரிக்கை 7: பிறமொழி பேசும் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளுக்காக அவர்கள் மொழி அறிந்த தன்னார்வலர்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக ஈடுபடுத்த அனுமதி தர வேண்டும்.

ஆசிரியர் குறைகள் இருப்பின் அவை தீர்க்கப்பட வேண்டும் என்பதும் பிரிவு 24இன் மூன்றாம் உட்பிரிவில் உள்ளதே. இரண்டு முதல் ஏழு வரையிலான கோரிக்கைகளை நிதியும் நிர்வாகமும் இடம் தரும்போது பரிசீலிக்கலாம். முதல் கோரிக்கைக்குப் புதிய நிதி வேண்டாம், புதிய பணியிடம் வேண்டாம், தங்கள் கையொப்பத்துடன் ஓர் ஆணை போதும். அடுத்த பருவம் தொடங்குமுன் அந்த ஆணையைப் பிறப்பிக்குமாறும், இயலாதெனில் எந்த விதியின்படி இயலாது என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

நகல்: தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்கள், வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள், வட்டார வள மைய மேற்பார்வையாளர் அவர்கள்.