கரி மாத்திரையும் மாமாவின் வலிப்பு மாத்திரையும்

பி.காம். படிக்கிறவனுக்கு மருந்தைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் மாமா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரிக்கு வந்தவர், பையிலிருந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்தார். "ஆக்டிவேட்டட் சார்கோல்டா. உடம்புல இருக்கிற விஷத்தையெல்லாம் உறிஞ்சிடுமாம். கேஸ் தொல்லையும் போயிடும்" என்றார். வாட்ஸ்அப்பில் வந்த தகவலாம். காலையில் வலிப்பு மாத்திரை போட்ட கையோடு இதிலும் இரண்டு போட்டுக்கொள்வாராம்.

மூன்று வாரம் கழித்து, நான்கு வருடமாக வராத வலிப்பு அவருக்கு வந்துவிட்டது. டப்பாவைப் பார்த்த டாக்டர், "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இதை முதல்ல நிறுத்துங்க" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று தேடிப் படித்தேன். தேங்காய் ஓடு போன்றவற்றைக் கரியாக்கி, கடும் சூட்டில் நீராவி செலுத்தினால் அதில் கணக்கில்லாத நுண்துளைகள் உண்டாகும். ஒரு கிராம் கரியின் மொத்தப் பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர்! நம் வீட்டுத் தண்ணீர் ஃபில்டரில் நாற்றத்தை எடுப்பதும் இதே கரிதான். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. கையில் சிக்கியதைப் பிடித்துக்கொள்ளும், நாம் விழுங்கிய மாத்திரை உட்பட. கார்பமாசெபின், பீனோபார்பிட்டால் போன்ற வலிப்பு மருந்துகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தத்தில் கலந்த பிறகும் அவற்றைக் குடல் வழியாகக் கரி இழுத்து வெளியேற்றிவிடும். அதனால் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்றும் எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது.

'விஷமுறிவுக்கு ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிறார்களே' என்பது மாமாவின் வாதம். உண்மைதான், கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே பெரியவர்களுக்குத் தருவது பெரும்பாலும் 50 கிராம். அதுவும் விஷம் உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள் என்றால்தான் நல்ல பலன். சாராயம், இரும்புச்சத்து மாத்திரை, லித்தியம், ஆசிட் இவற்றுக்கெல்லாம் கரி உதவாது. இலங்கையில் மூன்று மருத்துவமனைகளில் 2002 முதல் 2004 வரை, விஷம் உட்கொண்டு வந்த 4632 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2008ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பல தடவை கரி கொடுத்தவர்களில் இறந்தவர்கள் 6.3 சதவீதம், ஒரு தடவை கொடுத்தவர்களில் 7.1, கரியே கொடுக்காதவர்களில் 6.8. சொல்லும்படியான வித்தியாசமே இல்லை! டாக்டர்கள் பக்கத்தில் நின்று கொடுத்தபோதே இந்த நிலை என்றால், டப்பாக்காரர் சொல்லும் 'உடம்பு சுத்தம்' எந்தக் கணக்கில் வரும்?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு ஒரு கிராம், சாப்பிட்டதும் ஒரு கிராம் எடுத்தால் வயிற்று வாயு குறையும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2011ல் ஏற்றுக்கொண்டது. ஆக, கரி வெறும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் விழுங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

தினமும் ஏதாவது மாத்திரை போடுகிறவர்கள், கருத்தடை மாத்திரை உட்பட, கண்டிப்பாக டாக்டரிடம் கேட்க வேண்டும். மலச்சிக்கலோ குடல் அடைப்போ இருந்தவர்கள் தொடவே வேண்டாம். மலம் கறுப்பாகப் போவதால், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் 'கரியாலதான்' என்று நினைத்து விட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. யாராவது விஷம் குடித்துவிட்டால் வீட்டில் கரியைக் கரைத்து ஊட்டாதீர்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே 108ஐக் கூப்பிடுங்கள். அடுப்புக்கரி இந்தக் கரியே இல்லை, அதையும் நினைவில் வையுங்கள்.

எங்கள் பாடத்தில் வரவு என்று ஒன்று இருந்தால் பற்று என்று ஒன்றும் இருக்கும். அந்த டப்பாவில் வரவு மட்டும்தான் அச்சடித்திருந்தது. சில செரிமான மாத்திரைகளிலும் கரி சேர்க்கிறார்கள். உங்கள் வீட்டில் இருக்கும் அட்டையை ஒரு தடவை திருப்பிப் படித்துப் பாருங்கள். மாமா இப்போது நலம். டப்பா குப்பைக்குப் போய்விட்டது.