அளந்து பார்த்தால்தான் தெரியும்!



முதலாமாண்டு ஒர்க்‌ஷாப்பில் நமக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் எது? "கண்ணால பாத்துச் சொல்லாத, அளந்து பாத்துச் சொல்லு" என்பதுதானே! வெர்னியரை வைத்துப் பார்க்காமல், "சரியாத்தான் சார் இருக்கு" என்று நீட்டி, ஜாப்பைத் திரும்ப வாங்கி அரம் போடாதவர் நம்மில் யார்? இரும்புக்கு இந்தப் பாடத்தைப் படித்த நாம், பெண்கள் விஷயத்தில் மட்டும் அளக்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு கம்பெனியிலிருந்து இண்டர்வியூவுக்கு ஆள் வந்தார்கள். நோட்டீஸ் போர்டில் 'ஆண்கள் மட்டும்' என்று இருந்தது. ஏன் என்று கேட்டேன். "நைட் ஷிப்ட் இருக்கும்மா, ஒனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார் வந்தவர். என்னைவிடக் குறைந்த மார்க் வாங்கிய நண்பர்கள் உள்ளே போனார்கள். நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்துதான் 'மகளிரியல்' என்ற படிப்பைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

மகளிரியல் என்றாலே, "ஆம்பளைகளைத் திட்டுற சப்ஜெக்ட்டு" என்று சிரிக்கிறோம். அது எப்படிப் பிறந்தது தெரியுமா? 1971இல் மத்திய அரசு பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு அமைத்தது. அரசியல் பாடம் நடத்திய பேராசிரியை வீணா மஜும்தார், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் நடத்திய லோதிகா சர்க்கார் போன்றவர்கள் அதில் உழைத்தார்கள். நாடு முன்னேறினால் பெண்களும் கூடவே முன்னேறுவார்கள் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. குழு அளந்து பார்த்தது. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில், 1971இல் 930 பேர்தான் இருந்தார்கள்! 1974இல் அறிக்கை வந்தது. நாமே இத்தனை நாள் வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுத்தோம் என்று ஆசிரியர்களே தங்களைக் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்விதான் மகளிரியல்.

அளந்ததோடு அவர்கள் நிற்கவில்லை. காவல் நிலையத்தில் ஒரு பழங்குடிப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையில், குற்றம் சாட்டப்பட்ட இரண்டு போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதைக் கண்டித்து 1979இல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவர்கள் யார்? லோதிகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள்! ஊர் ஊராகப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டமே திருத்தப்பட்டது. வகுப்பறையில் பாடம், வெளியே ஆராய்ச்சி, தேவைப்பட்டால் தெருவில் போராட்டம்: மூன்றும் ஒரே வேலைதான் என்று காட்டினார்கள்.

தமிழ்நாட்டில் 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. நம் நெல்லைச் சீமையின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் 1992 முதல் 1998 வரை துணைவேந்தராக இருந்த வசந்தி தேவி, ஆசிரியர் சங்கப் போராட்டங்களில் வளர்ந்தவர். பின்னாளில் மாநில மகளிர் ஆணையத்தின் தலைவரானவர்.

"அதெல்லாம் ஆர்ட்ஸ் காலேஜ் சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்பீர்கள். தொழிற்படிப்பில் இது ஆணுக்கு, இது பெண்ணுக்கு என்ற பாகுபாட்டை ஒழிக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையே சொன்னது. வேலைக்கு எடுப்பதில் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது என்று 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் சொன்னது. தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்றிருந்த சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000த்திலேயே செல்லாது என்றது. பாதுகாப்பும் வண்டி வசதியும் கொடுத்து வேலை கொடு என்றது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால், அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டுச் சும்மா வீட்டுக்குப் போயிருப்பேனா? என் கூடப் படித்த பையன்களுக்குத் தெரிந்திருந்தால், "ஏல, இது நியாயமா?" என்று ஒருத்தராவது கேட்டிருக்க மாட்டார்களா?

இன்று மகளிர் தினம் வந்தால் கோலப் போட்டி, மெகந்தி போட்டி என்று முடித்துவிடுகிறோம். கோலம் போடட்டும், தப்பில்லை. அன்றைக்கே கையில் ஒரு நோட்டையும் எடுப்போம். நம் சங்கரன்கோவில் தெருக்களில் விசைத்தறிச் சத்தம் கேட்காத நாள் உண்டா? அந்தச் சத்தத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தார் சுற்றும் அக்காமார், அத்தைமார் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள்? பக்கத்தில் நிற்கும் ஆணுக்கு என்ன கூலி, அவர்களுக்கு என்ன கூலி? மிஷின் உயரம் அவர்கள் முதுகுக்கு ஏற்றதா? இது மெக்கானிக்கல் மாணவர்கள் செய்ய வேண்டிய புராஜெக்ட் இல்லையா? நம்மிடம் டிப்ளமோ முடித்த சீனியர் அக்காக்களில் எத்தனை பேர் படித்த வேலையில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து இந்த மலரிலேயே போட்டால் என்ன? ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டட்டும். பேரவை முன்னின்று செய்யட்டும். 'ஆண்கள் மட்டும்' என்று வரும் கம்பெனியிடம் பேரவை ஒரு கேள்வி கேட்கட்டும்.

அரி பெரிதா, சிவன் பெரிதா என்ற சண்டையை ஒரே உருவில் தீர்த்துவைத்த ஊர் நம் ஊர். ஆடித் தபசு அன்று அந்தக் காட்சிக்காகத்தான் லட்சம் பேர் கூடுகிறோம். ஒரே லேத் முன்னால் நிற்கும் ஆணையும் பெண்ணையும் சமமாகப் பார்க்க நமக்கு எத்தனை தபசு வேண்டும்?

அளந்து பார்ப்போம் நண்பர்களே! அப்புறம் தீர்ப்புச் சொல்வோம்.

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவி