மெத்தை வெயில்

சித்திரை பிறந்து பத்து நாள் போனால் எங்கள் வீதியில் வெங்காய வாசனை கிளம்பும். நான் கல்யாணமாகி வந்த வருடம் மாடியில் நின்று எண்ணியிருக்கிறேன். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பதினோரு வீட்டில் வடகம் காய்ந்தது. இந்த வருடம் எங்கள் வீட்டையும் சேர்த்து மூன்று. இந்த வாரப் பத்தி இதுதான் என்று கையில் விளக்கெண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் புதுச்சேரியில் பழைய ஆட்கள் மொட்டை மாடியை மெத்தை என்பார்கள். ஓட்டு வீடு, கூரை வீடு, மெத்தை வீடு என்று மூன்று வகை. எங்களுடையது மெத்தை வீடு. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, ஈசுவரன் கோயில் வீதிக்குப் பக்கத்தில், பாரதியார் குடியிருந்த வீட்டுக்கு இரண்டு திருப்பம் தள்ளி இருக்கிறது. முன்னால் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம், கடைசியில் அடுப்படி. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். பக்கத்து வீட்டில் அம்மி அரைத்தால் எங்கள் அலமாரியில் டம்ளர் ஆடும்.

1761-ல் ஆங்கிலேயர் இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நாலு வருடம் கழித்து ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியபோது பழைய அஸ்திவாரத்தின் மேலேயே, பழைய வீதிக்கோட்டின் மேலேயே மறுபடி கட்டினார்கள். அதனால்தான் இங்கே மனை எல்லாம் ஒடுக்கமும் நீளமுமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கொல்லை என்று பேருக்கு இருக்கும். ஒரு கறிவேப்பிலைச் செடிக்கு மேல் தாங்காது. வீட்டுக்குள் வானம் தெரிவது இரண்டே இடத்தில்தான். ஒன்று முற்றம், இன்னொன்று மெத்தை. முற்றத்தில் வெயில் உச்சிப்பொழுதில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். நாள் முழுக்க வெயில் கிடைப்பது மெத்தையில்தான். ஆகவே மிளகாய், புளி, துணி, தலையணை, மழைக்காலத்தில் பூசணம் பிடித்த பாய் எல்லாம் அங்கேதான் காயும். கத்திரி வெயில் நாட்களில் தட்டோட்டின் மேல் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு ராத்திரி நாங்களும் அங்கேதான் படுப்போம்.

வடகத்துக்கு வருகிறேன். வத்தல் வடாம் போல எண்ணெயில் பொரித்துத் தின்கிற பண்டம் இல்லை இது, தாளிக்கிற வடகம். சிலர் வடவம் என்பார்கள். எங்கள் வீட்டுக் கணக்கு என் மாமியாரிடமிருந்து வந்தது. சின்ன வெங்காயம் ஐந்து கிலோ, பூண்டு அரை கிலோ, தோலோடு உடைத்த உளுந்து கால் கிலோ, கடுகு கால் கிலோ, சீரகமும் வெந்தயமும் நூறு நூறு கிராம், ஒரு கை மஞ்சள்தூள், இரண்டு கை கறிவேப்பிலை, உப்பு, விளக்கெண்ணெய். பெரிய மார்க்கெட்டில் பெரம்பலூர்ப் பக்கத்து வெங்காயம் வந்து குவியும். அதில் பொடியாக, காய்ந்த தோலோடு இருப்பதாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். ஈர வெங்காயம் வாங்கினால் வேலை இரண்டு நாள் கூடும்.

வெங்காயத்தை உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும், விழுதாகிவிடக் கூடாது. இப்போது நான் மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறேன். குறை சொல்ல முடியாது, நன்றாகவே வருகிறது. எல்லாவற்றையும் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைத்தால், காலையில் பானை அடியில் சாறு கட்டி நிற்கும். அந்தச் சாற்றைக் கொட்டக் கூடாது. கலவையை ஒட்டப் பிழிந்து எலுமிச்சம்பழ அளவு உருண்டையாக்கி, பழைய வேட்டி விரித்து வெயிலில் வைக்க வேண்டும். சாற்றையும் தனியாக ஒரு தட்டில் வெயிலில் வைக்க வேண்டும். சாயந்தரம் உருண்டைகளை உதிர்த்து, அந்தச் சாற்றிலேயே மறுபடி பிசைந்து மூடி வைக்க வேண்டும். மறுநாள் காலை மறுபடி பிழிவது, உருட்டுவது, வெயில். மூன்று நாளில் சாறு முழுதும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி உருட்டிக் காய வைத்தால் எட்டாம் நாளோ பத்தாம் நாளோ உருண்டை கறுத்து, இறுகி, தட்டினால் கல்லு மாதிரி சத்தம் வரும். அப்போதுதான் ஜாடிக்குப் போகும்.

ஐந்து கிலோ வெங்காயத்தில் நாலு கிலோவும் தண்ணீர்தான். மற்றச் சாமான் எல்லாம் சேர்ந்தும் கடைசியில் ஜாடியில் விழுவது ஒன்றரை கிலோ சொச்சம். அந்த நாலு கிலோ தண்ணீரையும் ஒரு காசு செலவில்லாமல் எடுத்துக்கொண்டு போவது மெத்தை வெயில். கடலோர ஊரில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கு மேல் கடல்காற்று ஏறும். ஈரக்காற்று. காலை ஏழிலிருந்து ஒன்று வரைக்குமான வெயிலே வெயில். நாலு மணிக்கு மேல் வேட்டியை விரித்தபடி விட்டால் காய்ந்ததெல்லாம் திரும்ப நமத்துப் போகும். “காத்து திரும்பிடுச்சு, எடு எடு” என்று மாமியார் கீழிருந்தே குரல் கொடுப்பார். அந்தக் காற்று திரும்புவது முற்றத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கு எப்படித் தெரியும் என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. முற்றத்துக் கொடியில் தொங்கும் துணி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்திருக்கிறார்.

அடுப்படியில் இதன் வேலை என்ன என்று புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு உருண்டையை உதிர்த்து நல்லெண்ணெயில் போட்டால் வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் ஒன்றாக விழுந்த மாதிரி. கீரை கடைந்து அதன் மேல் கொட்டலாம். புளிக்குழம்பில், வத்தக்குழம்பில், மீன்குழம்பில் கடைசியாகத் தாளித்துக் கொட்டி உடனே மூடிவிட வேண்டும். வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டுகிற மாதத்திலும் தாளிப்புக்குக் குறை வராது. வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிற பெண்ணுக்கு வெங்காயம் உரிக்கிற கால் மணி நேரம் மிச்சம். விலை குறைந்த காலத்தில் வாங்கி, வெயிலைக் கொண்டு காய வைத்து, ஒரு வருடத்துக்குப் பிரித்துச் செலவழிக்கிற இந்தப் புத்தியை நான் பெரிய புத்தி என்றே நினைக்கிறேன்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. மார்க்கெட்டில் வஞ்சிரம் இருக்கிற விலைக்குப் பக்கத்தில் போக முடியாது. அந்த இரண்டு மாதமும் எங்கள் வீதியில் கருவாட்டுக் குழம்புதான். கருவாட்டுக் குழம்பைத் தூக்கி நிறுத்துவது வடகம். மீன் இல்லாத அதே மாதத்தில்தான் புது வடகம் காய்ந்து ஜாடிக்கு வருகிறது.

ஒரு விஷயத்தை நான் மாற்றிவிட்டேன். ‘வீட்டுக்கு விலக்கு’ நாட்களில் பெண்கள் வடகத்தைத் தொடக் கூடாது, தொட்டால் புழு வைக்கும் என்பார்கள். புழு வைப்பது சரியாகக் காயாத வடகம்தான். தொட்டவள் மேல் பழி போடுவது அநியாயம். என் மகளுக்கு அந்த விதியை நான் சொல்லவே இல்லை. மகனையும் சின்ன வயதிலேயே உருட்ட உட்கார வைத்தேன். அவன் உருண்டை என்னுடையதை விட இறுக்கம். இது பெண்கள் வேலை என்று ஒதுக்கி வைத்ததால்தான், பெண்கள் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பதினோரு வீடு மூன்றாகக் குறைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அது மட்டும் காரணமில்லை. வெயிலும் குறைந்துவிட்டது. ஆறு வருடத்துக்கு முன்பு எங்களுக்குத் தெற்கே இருந்த பழைய வீடு இடிபட்டு நாலு மாடியாக எழுந்தது. சித்திரை வெயில் உச்சியில் நிற்பதால் தப்பித்தோம்; தை மாசியில் எங்கள் மெத்தையில் பாதிக்கு மேல் நிழல். மேற்கே ஒரு வீடு தங்கும் விடுதியாகி, அதன் மாடியில் இரும்புத் தகடு வேய்ந்து சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். மீதி மாடிகளில் தண்ணீர்த் தொட்டி, ஏ.சி. பெட்டி. ஏ.சி. ஊதுகிற சூட்டில் வடகம் காயுமா என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். காயாதும்மா, வெயில் பட வேண்டும்.

பழைய வீடுகளைக் காப்பாற்றியும் இருக்கிறார்கள், வைசியாள் வீதியைப் போய்ப் பாருங்கள். 2002-லிருந்து இரண்டு மூன்று வருடம் இன்டாக் அமைப்பும் அரசும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அங்கே வீட்டு முகப்புகளைப் பழையபடி செப்பனிட்டார்கள். திண்ணையும் தாழ்வாரத்து மரத்தூண்களும் திரும்பி வந்தன. 2008-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. மனதுக்கு நிறைவான வேலை, நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நடையைக் குறைத்துக்கொள்வேன். ஆனால் பாரம்பரியம் என்று நாம் காப்பாற்றுவது வீதியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற பாகத்தைத்தான். மெத்தை வீதியில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஒரு குடும்பம் ஒரு வருடச் சாப்பாட்டுக்கு வேண்டியதைக் காய வைக்கிறது என்பதும் தெரியாது. ஒரு வீட்டின் மேல் மாடி ஏற்ற அனுமதி கேட்கும்போது, பக்கத்து வீட்டு வெயில் என்ன ஆகும் என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

எங்கள் வடகம் கப்பல் ஏறிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வடவம் என்ற சொல்லைப் பிரெஞ்சுக்காரர் ‘வடூவான்’ ஆக்கினார்கள். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய ஓட்டல் சமையல்காரர்கள் அந்தப் பெயரில் ஒரு மசாலாவைப் பயன்படுத்துகிறார்கள், உதிரியாக, பொடியாக, புட்டியில் அடைத்து. இங்கிருந்து 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துப் போனவர்களும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த சொல்தாக்களின் குடும்பங்களும் கோடை விடுமுறைக்கு வந்து திரும்பும்போது பெட்டிக்குள் வடகம் போகும். எங்கள் எதிர்வீட்டு அக்கா பாரிஸில் இருக்கும் மகளுக்காக மூன்று சுற்று பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டுவார். எத்தனை சுற்றினாலும் பெட்டியில் இருக்கிற சேலை முழுக்க வாசனை ஏறிவிடும். “இருக்கட்டும்மா, பெட்டியைத் திறந்ததும் நம்ம வீடு மாதிரி இருக்கும்” என்று மகள் சொன்னாளாம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊர்ப் பக்கம்தான் கரையேறியது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜில் வைத்த மீன் கெட்டது, மாவு பொங்கியது. பால் பாக்கெட் வரவில்லை, மார்க்கெட் பக்கம் போக முடியவில்லை. வீட்டில் இருந்தது அரிசி, புளி, கொஞ்சம் பருப்பு, அடுப்படி மேல்தட்டில் ஜாடி. பெரிய சட்டியில் புளிக்குழம்பு வைத்து நாலு உருண்டை தாளித்துக் கொட்டினேன். பக்கத்து வீட்டு ஆயா தாழ்வாரத்து ஓரமாக நனையாமல் நடந்து வந்து வாசலில் நின்றார். “வாசனை வந்துச்சு, ஒரு கரண்டி கொடும்மா, சோறு வடிச்சு வெச்சிருக்கேன்.” அன்றைக்கு அந்தச் சட்டிக் குழம்பை ஐந்து வீட்டில் சாப்பிட்டோம். சித்திரையில் பிடித்து வைத்த வெயில் அந்தக் கார்த்திகை மழையில் எங்களுக்குச் சோறு போட்டது.

இந்த வருடம் வேட்டியை விரித்துக்கொண்டிருக்கும்போது பின்கட்டில் வாடகைக்கு இருக்கிற பெண் மேலே வந்தாள். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். “அக்கா, எங்க அம்மா ஊர்லேருந்து வெங்காயம் கொடுத்து அனுப்பியிருக்காங்க, ரெண்டு கிலோ. நான் இருக்கிற ரூம்ல வெயிலே இல்ல. இங்க ஒரு ஓரமா வெச்சுக்கலாமா?” கேட்கவே அவளுக்குக் கூச்சம். போன வருடமும் அவள் அம்மா கொடுத்து அனுப்பியிருக்கிறார், காய வைக்க இடமில்லாமல் முளை விட்டு வீணாகியிருக்கிறது. ஒரு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். நானாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். மாடிக் கதவுச் சாவியை அவளுக்கு ஒன்று செய்து கொடுத்துவிட்டேன்.

இப்போது எங்கள் மெத்தையில் இரண்டு வேட்டி விரித்திருக்கிறது. அவள் காலை ஆறரைக்கு வந்து உருட்டி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். நாலு மணிக்கு நான் இரண்டையும் சேர்த்து எடுத்து வைக்கிறேன்.

உங்கள் வீட்டில் மாடி இருந்து, பக்கத்தில் மாடி இல்லாத வீடு ஒன்று இருந்தால், வைகாசி முடிவதற்குள் அவர்களைக் கூப்பிட்டு ஒரு வேட்டி அளவு இடம் கொடுங்கள். இன்னும் மூன்று வாரம் நல்ல வெயில் இருக்கிறது.